குசினிப் புகையை மறந்திட்டியள்
உங்கட கட்டுரையில சின்னப் பிள்ளையளுக்கு நியூமோனியா (நுரையீரல் தொற்று) வாற காரணங்கள் எண்டு எடை குறைவாப் பிறக்கிறது, போஷாக்குக் குறைவு, தடுப்பூசி போடாதது எல்லாம் விளக்கமா எழுதியிருக்கிறியள் சரி, ஆனா குசினிப் புகையை ஒரு வரியோட முடிச்சிட்டியளே. புகை அடைஞ்ச வீட்டில பிள்ளைக்கு நியூமோனியா வாற ஆபத்து கிட்டத்தட்ட 2 மடங்கு எண்டு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. 2022ல இலங்கையில காஸ் இல்லாமப் போன நேரம் எங்கட பக்கம் கன வீட்டில திரும்ப விறகடுப்பு மூட்டினவை, பொச்சுமட்டை ஊமல் கொக்கறை எண்டு கிடைச்சதெல்லாம் எரியும், அதுக்குள்ள தாய் கைக்குழந்தையை இடுப்பில வச்சுக்கொண்டு புட்டு அவிப்பா, காஸ் வந்தாப் பிறகும் விலைக்குப் பயந்து சிலர் அதை விடேல்ல. பத்தாததுக்கு ராவில ஜன்னல் எல்லாம் பூட்டிப்போட்டு நுளம்புத்திரி, விறாந்தையில அப்பாவின்ர சிகரெட் (கேட்டா வெளியிலதானே எண்டுவார்).

கிளினிக்கில 2, 4, 6 மாசத்தில போடுற பென்டா ஊசி (ஐஞ்சு நோய்க்கு எதிரான தடுப்பூசி) நியூமோனியா ஆக்கிற ஒரு கிருமியையும் தடுக்கும், காய்ச்சல் வரும் எண்டு இழுத்தடிக்காதேங்கோ. 6 மாசம் மட்டும் தாய்ப்பால் மட்டும்தான், அம்மம்மாமார் என்ன சொன்னாலும்.

சளி இருமல் எண்டா பிள்ளை அழாம இருக்கேக்க சட்டையைக் கழட்டிப்போட்டு ஒரு நிமிஷம் முழுக்க மூச்சை எண்ணுங்கோ. 2 மாசத்துக்குள்ள 60, ஒரு வயசுக்குள்ள 50, பிறகு 5 வயசு மட்டும் 40, அந்தளவோ கூடவோ வந்தா, இல்லாட்டி நெஞ்சு விலாவுக்குக் கீழ உள்ளுக்கு இழுத்தா பனடோலோட மினக்கெடாம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கோ.