காய்ச்சலும் காடும் ஒரே கதைதான்

சனிக்கிழமை இலக்கியக் கூட்டத்தில் நடந்தது இங்கே பலருக்கும் தெரியும். "தோட்டத்து நாவல்களில் இருப்பது கூலிகளின் கண்ணீர் மட்டும்தான், அதில் போய்ச் சுற்றுச்சூழலைத் தேடாதீர்கள்" என்றார் மேடையில் பேசிய ஓர் அண்ணன். கைதட்டினார்கள். மூன்று நாளாக அது மனதைவிட்டுப் போகவில்லை.

காடு போன கதையும் நம் ஆட்கள் போன கதையும் ஒரே கதை. அன்றைக்கும் இதைத்தான் சொல்ல வந்தேன், நேரமில்லை என்று மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

'எரியும் பனிக்காடு' படித்தவர்கள் யோசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி.எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலின் தமிழாக்கம் அது. அதில் ஆட்கள் காய்ச்சலில் கொத்துக்கொத்தாகச் சாகிறார்களே, அந்தக் காய்ச்சல் எங்கிருந்து வந்தது? இங்கே நம் மலேசியாவில், கிள்ளானில் வேலை பார்த்த டாக்டர் மால்கம் வாட்சன் காலத்திலேயே அதற்கு விடை தெரிந்துவிட்டது. மலைக்காட்டை வெட்டியதும், அதுவரை நிழலில் ஓடிய ஓடைகளில் வெயில் விழுந்தது. வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் மலேரியா கொசு பெருகியது. வெட்டியது காட்டை, பிணம் விழுந்தது கூலிகள் குடியிருந்த லயத்தில். இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். உளி பிடித்துப் பிடித்து வலது கட்டைவிரல் ஓரம் காய்த்து, கொட்டாங்கச்சி மாதிரி இருக்கும். அவருடைய முதல் இரண்டு பிள்ளைகளும் காய்ச்சலில் போய்விட்டார்கள். "மலைத்தண்ணி ஒத்துக்கல" என்றுதான் கடைசிவரை சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி ஓடையைத்தான் காட்டினார். இன்றைக்கு மேடையில் அது இலக்கியத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயமாம்.

"சுதந்திரத்துக்குப் பிறகு செம்பனைக்காக (எண்ணெய்ப் பனை) நாமே காட்டை அழித்தோமே" என்று கேட்பீர்கள். சரி, உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே மரத்தை நிரை நிரையாக நட்டு, மற்ற எல்லாவற்றையும் களை என்று சொல்லும் பழக்கத்தைக் கொண்டுவந்தது யார்? அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரைமார் ஒரு புல்கூட இல்லாமல் மண்ணை வழித்து வைக்கச் சொன்னார்கள். மழை பெய்தது, மேல்மண் ஆற்றோடு போனது. குனிந்து அந்தப் புல்லை வெட்டியவர்கள் நம் பெண்கள். இங்கேயும் அதே ஒரே கதைதான்.

வெள்ளைக்காரன் ரோடு போட்டான், ரயில் விட்டான் என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. ரப்பர் கப்பலுக்குப் போக வேண்டும், அதற்காகப் போட்டான்.

கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "காட்டை வெட்டினது உங்க தாத்தாமார்தானே." அங்கே என்னால் பதில் பேச முடியவில்லை, தொண்டை அடைத்துவிட்டது. இப்போது சொல்கிறேன். என் தாத்தா கையில் மண்வெட்டி இருந்தது, நிலம் இருந்ததில்லை.

1877-இல் வந்த ரப்பர் கன்றுகளில் ஒன்று கோலகங்சாரில் இன்னும் மரமாக நிற்கிறது. போகிறவர்கள் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பாட்டியின் இரண்டு பிள்ளைகளைப் புதைத்த இடம் இப்போது செம்பனை. எந்த நிரை என்றுகூட அப்பாவுக்குத் தெரியாது.