‘மகோமே நிலவு’ ஒன்றே ஒன்றுதானா?
ஜப்பானிய ஓவியர் கவாசே ஹசுயியின் ‘மகோமே நிலவு’ (1930) உலகில் ஒரே ஒரு படம்தான், விற்பனைக்கு வருபவை எல்லாம் போலி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லைங்க. பைன் மரங்களுக்குப் பின்னால் முழுநிலவும், ஒற்றை மஞ்சள் ஜன்னலும் கொண்ட அந்த அருமையான படம் மரஅச்சு. ஹசுயி வரைந்து கொடுத்தார். வேறு கைவினைஞர்கள் பலகை செதுக்கி, தாள் தாளாகக் கையால் அச்சிட்டார்கள். வெளியிட்டவர் வதனபே ஷோசபுரோ. அதனால் அசலே பல உண்டு. பிற்கால மறுஅச்சும் உண்டு. சேகரிப்பாளர்கள் தரும் விலை பெரிதும் மாறுவது அதனால்தான்.

அருங்காட்சியகங்களின் இணையத் தொகுப்புகளில் தேடுங்கள், இதே படம் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் கிடைக்கும். தாள் கையில் இருந்தால் திருப்பிப் பாருங்கள்: கையால் அச்சிட்டது என்றால் வானத்தின் நீலம் பின்பக்கம் ஊறியிருக்கும், அச்சிடும்போது தேய்த்த வளையத் தடமும் தெரியும். அப்புறம், ஓரத்திலுள்ள பதிப்பாளர் முத்திரையை, எந்தக் காலத்தில் எந்த முத்திரை என்று காட்டும் பட்டியலோடு ஒப்பிட்டால் அது எந்தக் காலத்து அச்சு என்று பெரும்பாலும் பிடிபடும்.