தொகுப்பாளரின் விதியைச் சொல்லாமல் விடை கேட்காதீர்கள்

டிவி விளையாட்டு நிகழ்ச்சியை வைத்த மூன்று கதவுப் புதிர் திரும்பத் திரும்பச் சுற்றில் வருகிறது. ஒரு கதவுக்குப் பின்னால் கார், மற்ற இரண்டுக்குப் பின்னால் ஆடு. நீங்கள் 1-ஆம் கதவைக் காட்டுகிறீர்கள். தொகுப்பாளர் 3-ஆம் கதவைத் திறந்து ஆட்டைக் காட்டிவிட்டு, "2-க்கு மாறுகிறீர்களா?" என்கிறார். மாறினால் கார் கிடைக்கும் வாய்ப்பு 2/3 என்று ஒரு தரப்பு, பாதிக்குப் பாதி என்று இன்னொரு தரப்பு. புதிரை இந்த அளவோடு நிறுத்தினால் இரண்டையுமே நிரூபிக்க முடியாது. தொகுப்பாளர் எந்த விதிப்படி கதவைத் திறந்தார் என்பது விடுபட்டிருக்கிறது, கணக்கே அதில்தான் இருக்கிறது.

300 ஆட்டம் எடுத்து எண்ணுங்கள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் 100 முறை கார். நீங்கள் எப்போதும் 1-ஐயே தேர்கிறீர்கள்.

முதலில், "கார் எங்கே என்று தெரியும், கட்டாயம் ஓர் ஆட்டுக் கதவைத் திறப்பேன், இரண்டும் ஆடாக இருந்தால் நாணயம் சுண்டுவேன்" என்னும் தொகுப்பாளர். கார் 1-இல் இருக்கும் 100 ஆட்டங்களில் 50 முறை 3-ஐத் திறப்பார். கார் 2-இல் என்றால் வேறு வழியில்லை, 100 முறையும் 3-தான். கார் 3-இல் என்றால் அதைத் தொடவே மாட்டார். ஆக 3 திறந்த ஆட்டங்கள் 150. அவற்றில் 100-இல் மாறியவருக்குக் கார். அதுதான் 2/3.

அடுத்த தொகுப்பாளருக்குக் கார் இருக்கும் இடம் தெரியாது. 2, 3 இரண்டில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் திறக்கிறார். 3-ஐத் திறந்து ஆடு வந்த ஆட்டங்கள்: கார் 1-இல் இருந்தபோது 50, 2-இல் இருந்தபோது 50. மாறினாலும் மாறாவிட்டாலும் 1/2. நீங்கள் கண்ணால் கண்ட காட்சி அதேதான், ஆனால் விடை மாறிவிட்டது.

மூன்றாமவர் வஞ்சகர். நீங்கள் சரியாகத் தேர்ந்தால் மட்டுமே ஆட்டைக் காட்டி ஆசை மூட்டுவார். அவரிடம் மாறினால் வெல்லும் வாய்ப்பு 0.

இங்கே ஆட்டக் கோட்பாடு, அதாவது எதிரெதிர் நோக்கமுள்ளவர்களின் முடிவுகளை ஆராயும் கணிதம், நுழைகிறது. கதவைத் திறப்பதா வேண்டாமா என்பது தொகுப்பாளர் இஷ்டம், உங்களைத் தோற்கடிப்பதே அவர் நோக்கம் என்று வையுங்கள். நீங்கள் ஒரு கதவைக் குலுக்கிப்போட்டுத் தேர்ந்து, மாறாமல் நின்றால் 1/3 உறுதி. அவர் மாறும் வாய்ப்பையே தராமல் இருந்தால் அதற்கு மேல் உங்களுக்குக் கிடைக்காது. ஆகவே இந்த ஆட்டத்தின் மதிப்பு, அதாவது இருவரும் சிறப்பாக ஆடினால் நீங்கள் வெல்லும் வாய்ப்பு, 1/3.

1975-இல் புள்ளியியலாளர் ஸ்டீவ் செல்வின் இந்த மூன்று கதவுப் புதிரை ஒரு புள்ளியியல் இதழுக்கு எழுதினார். 1990-இல் பத்தி எழுத்தாளர் மேரிலின் வோஸ் சாவன்ட் அமெரிக்காவின் 'பரேடு' இதழில் 2/3 என்று பதில் சொன்னதும் ஏறக்குறைய 10,000 கடிதங்கள் குவிந்தன. முனைவர் பட்டம் பெற்ற பலரும் அவரைக் கடுமையாகச் சாடினார்கள். அவர் கருதிய விதிக்கு அவர் விடை சரி, சாடியவர்கள்தான் தவறு. ஆனாலும் அச்சான கேள்வியில் தொகுப்பாளருக்குக் கார் இருக்கும் இடம் தெரியும் என்றுதான் இருந்தது. எப்போதும் ஆட்டுக் கதவைத் திறந்தே ஆகவேண்டும் என்று இல்லை. தனக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை, இப்புதிருக்கு மூலமான டிவி நிகழ்ச்சியின் தொகுப்பாளர் மான்டி ஹாலே 1991-இல் நியூயார்க் டைம்ஸ் நிருபருக்கு ஆடிக் காட்டினார்.

இரண்டு குழந்தைப் புதிருக்கும் இதே நோய்தான். "இரண்டு குழந்தைகளில் ஒன்றாவது பெண், இரண்டும் பெண்ணாக இருக்க வாய்ப்பு என்ன?" 400 குடும்பம்: இரண்டும் பெண் 100, ஆணும் பெண்ணும் 200, இரண்டும் ஆண் 100. "பெண் குழந்தை உண்டா?" என்று நீங்களே கேட்டால் 300 பேர் ஆம் என்பார்கள், விடை 1/3. பெற்றோர் இரு குழந்தைகளில் ஒன்றை ஏதேச்சையாக நினைத்து "எனக்குப் பெண் உண்டு" என்றால், கலப்புக் குடும்பங்களில் 100 மட்டுமே அப்படிச் சொல்லும்; விடை 1/2. இதைப் பரவலாக்கிய புதிர் எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னரே கேள்வி தெளிவற்றது என்று பின்னர் ஒப்புக்கொண்டார்.

ரஷ்யக் கணிதவியலாளர் கோல்மகோரோவ் 1933-இல் நிகழ்தகவுக்கு (வாய்ப்புக் கணக்குக்கு) அடிகோள்கள், அதாவது அடிப்படை விதிகள், வகுத்தார். அவை வாய்ப்புகளின் பட்டியலும் எடைகளும் கைக்கு வந்த பிறகே வேலை செய்யும். எந்தப் பட்டியல் என்று சொல்லாது. பிரெஞ்சுக் கணிதவியலாளர் பெர்ட்ரான் 1889-இலேயே இதைக் காட்டிவிட்டார்: வட்டத்தில் ஏதேச்சையாக வரைந்த நாண் (வட்டத்தின் விளிம்பில் இரு புள்ளிகளை இணைக்கும் கோடு), உள்ளே அமைந்த சமபக்க முக்கோணத்தின் பக்கத்தைவிட நீளமாக இருக்க வாய்ப்பு 1/2, 1/3, 1/4 மூன்றுமே வரும். நாணை எப்படித் தேர்ந்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

விதியை முழுதாகச் சொன்னபின்னும் தீராத ஒன்று உண்டு: தூங்கும் அழகி. ஒருத்தியைத் தூங்கவைத்து நாணயம் சுண்டுகிறார்கள். தலை விழுந்தால் திங்களன்று மட்டும் எழுப்புவார்கள். பூ விழுந்தால் திங்களும் செவ்வாயும், நடுவில் நினைவை அழித்துவிட்டு. விழித்தவளிடம் "தலை விழுந்திருக்க வாய்ப்பு என்ன?" என்று கேட்கிறார்கள். தத்துவவியலாளர்களில் ஆடம் எல்கா 2000-இல் 1/3 என்றார், டேவிட் லூயிஸ் 2001-இல் 1/2 என்றார். 100 சோதனையில் விழிப்புகள் 150, தலைக்குரியவை 50. விழிப்புக்கு ஒரு பந்தயம் என்றால் 1/3-ஐ வைத்து ஆட வேண்டும், சோதனைக்கு ஒன்றே என்றால் 1/2. இதில் யாருக்கும் சண்டை இல்லை. அவள் மனத்தில் வைக்கவேண்டிய நம்பிக்கை எது என்பதில்தான் இன்னும் பிளவு. கேள்வி ஒவ்வொரு விழிப்பிலும் கேட்கப்படுவதால் எண்ண வேண்டியது விழிப்புகளையே என்று நினைக்கிறேன். நான் 1/3 பக்கம்.