பதிவுச் சான்றிதழ் மட்டும் போதாது

"நோயாளிகளையும் முதியவர்களையும் வீட்டிலேயே கவனித்துக்கொள்ள ஆள் அனுப்பும் நிறுவனத்திடம் அரசுப் பதிவுச் சான்றிதழ் இருந்தால் போதும், வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. இது தவறு; ஆபத்தான தவறு.

பதிவு என்பது நிறுவனத்துக்குத் தரப்படுவது. நாளை காலை வீட்டுக்கு வரப்போகிறவர் யார், என்ன பயிற்சி பெற்றவர், அவருடைய பின்னணி சரிபார்க்கப்பட்டதா என்பதை அது சொல்லாது. இவற்றைத் தனியாகக் கேட்க வேண்டும். வழக்கமானவர் விடுப்பில் போனால் பதிலுக்கு வருபவரைப் பற்றியும் கேளுங்கள். பலர் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். நோயாளிக்கு இன்சுலின் ஊசி தேவையென்றால், அதைப் போட வருபவருக்குத் தகுதி உண்டா என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

அதைவிட முக்கியமானது, படுக்கையில் இருப்பவரின் உடல். பராமரிப்பின் தரத்தை எந்தக் காகிதத்தையும்விட அது நேர்மையாகச் சொல்லும். ஒரே நிலையில் கிடந்தால் சில மணி நேரத்திலேயே படுக்கைப் புண் உருவாகத் தொடங்கலாம். முதுகின் அடிப்பகுதி, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களை நாள்தோறும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளிற வேண்டும். வெளிறாவிட்டால் அது முதல் எச்சரிக்கை. கருமையான தோலில் சிவப்பு தெரியாமலே போகலாம். சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் சூடாகவோ இறுகியோ இருக்கிறதா, வலிக்கிறதா என்று கவனியுங்கள். அறிகுறி தென்பட்டால் அங்கே அழுத்தம் படாதபடி திருப்பிப் படுக்கவைத்து, உடனே மருத்துவரிடமோ செவிலியரிடமோ காட்டுங்கள். தேய்த்துவிடக் கூடாது.

பராமரிப்புக் குறிப்பேட்டில் இரவு மருந்து பிற்பகலிலேயே 'கொடுத்தாயிற்று' என்று எழுதப்பட்டிருந்தால், நிறுவனத்தின் மேற்பார்வையாளரை அன்றே அழைத்து விளக்கம் கேளுங்கள்.