அபிமன்யு கணக்கு

போன ஞாயிற்றுக்கிழமை வேறு எதையோ தேடப் போய் வங்கிக் கணக்கின் ஒரு வருட ஸ்டேட்மென்ட்டைத் திறந்தேன். தேடியது கிடைக்கவில்லை. கண்ணில் பட்டது இன்னொன்று. மாதம் தவறாமல் ஒரே தேதியில், ஒரே தொகை, நான் கேள்விப்பட்டதே இல்லாத ஒரு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. யாரோ திருடுகிறார்கள் என்று பதறி, கார்டையே முடக்கப் போய்விட்டேன். மகள்தான் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா, இது நீங்க ஸ்பானிஷ் கத்துக்கப் போறேன்னு போட்ட ஆப்."

ஸ்பானிஷ்! வணக்கம் சொல்வதைத் தாண்டி நான் போகவே இல்லை. அந்த ஆப்பை போனிலிருந்து தூக்கியே பல மாதம் ஆகிறது. ஆப்பைத் தூக்கினால் சந்தாவும் கூடவே போய்விடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போகாது. ஆப் ஸ்டோருக்குள் நம் கணக்கைத் திறந்து, அதில் சந்தா என்று இருக்கும் பட்டியலுக்குப் போய், அங்கே நிறுத்த வேண்டும். இணையதளத்தில் நேராக கார்டு எண் கொடுத்துச் சேர்ந்திருந்தால் அந்தப் பட்டியலிலும் இருக்காது. அந்தத் தளத்துக்கே போய்த்தான் வெட்ட வேண்டும். உடனே போய்ப் பார்க்கத் தோன்றுகிறவர்கள் பார்த்துவிட்டே வாருங்கள். பதிவு எங்கேயும் ஓடிவிடாது.

என் சோம்பேறித்தனத்துக்கு யாரைக் குறை சொல்வது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்தச் சோம்பேறித்தனத்தை நம்பியே ஒரு வியாபாரம் நடக்கிறது என்றால், தப்பு முழுக்க என்னுடையதா? 2006இல் ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்க ஜிம்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். மாதக் கட்டணம் கட்டியவர்கள் போன தடவைகளை வைத்து வகுத்தால் ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் வந்தது. அதே ஜிம்மில், பத்து தடவைக்கான சீட்டு ஒன்றை வாங்கியிருந்தால் ஒரு தடவைக்கு 10 டாலர்தான். ஜிம்முக்குப் போகாமல் இருப்பதற்குப் பணம் கட்டுகிறோம் என்பதே அந்தக் கட்டுரையின் தலைப்பு. நாளைய நான் இன்றைய என்னைவிட ஒழுங்கானவன் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். அந்த நம்பிக்கைக்குத்தான் மாதாமாதம் பில் வருகிறது.

மறதி ஒரு பக்கம். ஞாபகம் வந்து வெளியேறப் போனால் என்ன ஆகிறது என்பதுதான் எனக்கு எரிச்சலூட்டுகிற பகுதி. சேர்வதற்குப் பெரிய பளிச்சென்ற பொத்தான். விலகுவதற்குச் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்து. அதையும் அமுக்கினால் "உண்மையாகவா?" என்று ஒரு பக்கம், "எதையெல்லாம் இழக்கப் போகிறீர்கள் தெரியுமா?" என்று இன்னொரு பக்கம், "போவதற்கு முன் காரணம் சொல்லுங்கள்" என்று மூன்றாவது பக்கம். சக்கர வியூகத்துக்குள் போகத் தெரிந்த அபிமன்யுவுக்கு வெளியே வரத் தெரியவில்லை. ஆனால் அவன் வியூகத்தை எதிரிகள் கட்டினார்கள். நம்முடையதை, "உங்கள் வசதிக்காக" என்று சொல்லிக்கொண்டு கட்டுகிறார்கள்.

இது என் கற்பனை ஒப்பீடு மட்டுமில்லை. அமேசான் பிரைமிலிருந்து விலகும் வழிமுறைக்கு அந்த நிறுவனத்துக்குள்ளேயே வைத்திருந்த பெயர் "இலியட்". பத்து வருடம் இழுத்த டிராய் போரைப் பாடும் கிரேக்கக் காவியத்தின் பெயர்! அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2023இல் போட்ட வழக்கிலும் இந்தப் பெயர் இருக்கிறது. நாலு பக்கம், ஆறு கிளிக், பதினைந்து தேர்வுகள் என்று அந்த வழிமுறையை ஆணையம் எண்ணிக் காட்டியது. 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு வழக்கு முடிந்தது. அதில் 150 கோடி டாலர், வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தருவதற்கு. தப்பு செய்ததாக அமேசான் ஒப்புக்கொள்ளவில்லை. நான் அந்தப் பெயர் வைத்தவரை நினைத்துப் பார்க்கிறேன். படித்த மனிதர். நகைச்சுவை உணர்வும் இருந்திருக்கிறது.

இதில் அரசியல் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். எந்தத் தலைவர் என்ன சொன்னார் என்று நாம் ராத்திரி முழுக்க மல்லுக்கட்டுகிறோம். வெளியேறும் பொத்தான் எந்த அளவில் இருக்க வேண்டும் என்று யாராவது ஓட்டுக் கேட்டு வந்திருக்கிறார்களா? ஆனால் அதுவும் சட்டம்தான். இணையத்தில் எடுத்த ஒப்பந்தத்தை இணையத்திலேயே முறிக்க ஒரு தெளிவான பொத்தான் இருக்க வேண்டும் என்று ஜெர்மனியில் 2022 ஜூலையிலிருந்து விதி இருக்கிறது. சேர்ந்த அளவுக்கு எளிதாக விலகவும் முடிய வேண்டும் என்று அமெரிக்க ஆணையம் 2024 அக்டோபரில் ஒரு விதி கொண்டுவந்தது. 2025 ஜூலையில், அது நடைமுறைக்கு வரச் சில நாட்களே இருந்தபோது, நடைமுறைக் குறை ஒன்றைக் காரணம் காட்டி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. யாரும் தெருவில் இறங்கவில்லை. டிரெண்டிங்கிலும் வரவில்லை.

இந்தியாவில் ரிசர்வ் வங்கி இதில் கொஞ்சம் கறாராகவே இருந்தது. 2021 அக்டோபரிலிருந்து, கார்டில் தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னாலேயே தகவல் வர வேண்டும், விரும்பாவிட்டால் விலகிக்கொள்ளலாம். 2023 நவம்பரில் வந்த நுகர்வோர் வழிகாட்டுதல்களும் சந்தா வலையை ஏமாற்று வடிவமைப்பு என்றே பெயர் சொல்லிப் பட்டியலில் சேர்த்தன. அந்த முன்னறிவிப்பு எனக்கும் மாதாமாதம் வந்திருக்கிறது. கடன் வேண்டுமா, வீடு வேண்டுமா, பரிசு விழுந்திருக்கிறது என்று வரும் குறுஞ்செய்திகளின் நடுவே அதையும் படிக்காமல் தள்ளியிருக்கிறேன். சட்டம் தன் வேலையைச் செய்தது. மீதி என் பொறுப்பு, சரி.

இன்னொரு விஷயம் சந்தாவைவிடப் பெரியது. "வாங்கு" என்ற பொத்தானை அமுக்கி, முழுப் பணமும் கட்டி வாங்கினோமே, அதுவாவது நம்முடையதா? 2009 ஜூலையில், அமேசானின் மின்புத்தகக் கருவியான கிண்டிலை வைத்திருந்த பலரிடமிருந்து, காசு கொடுத்து வாங்கிய புத்தகங்கள் இரவோடு இரவாக மறைந்தன. விற்றவரிடம் உரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அமேசானை நிறுவிய ஜெஃப் பெஸோஸ் மன்னிப்பும் கேட்டார். மறைந்தவற்றில் ஒன்று ஜார்ஜ் ஆர்வெல்லின் 1984. கண்காணிக்கும் அரசு, வேண்டாத பழைய செய்திகளை அழித்துக்கொண்டே இருக்கும் அந்தக் கதைதான். இதை ஒரு நாவலாசிரியர் எழுதியிருந்தால், ரொம்ப செயற்கையாக இருக்கிறது என்று எடிட்டர் வெட்டியிருப்பார்.

2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்புத்தகக் கடையை மூடியபோதும் இதே கதை. பணம் திரும்பி வந்தது, புத்தகங்கள் போயின. பணம்தான் வந்துவிட்டதே என்பவர்களிடம் ஒரே கேள்வி: என் வீட்டு அலமாரியிலிருந்து ஒருவர் புத்தகத்தை எடுத்துப் போய்விட்டு, அந்த இடத்தில் காசை வைத்துவிட்டுப் போனால் அதற்கு என்ன பெயர்?

விளையாட்டுப் பிரியர்களுக்கு இது நன்றாகவே உறைத்திருக்கிறது. யூபிசாஃப்ட்டின் தி க்ரூ என்ற கார் பந்தய விளையாட்டு 2014இல் வந்தது. 2024 மார்ச் 31இல், அதை இயக்கிவந்த நிறுவனத்தின் கணினியை, அதாவது சர்வரை, அணைத்தார்கள். தனியாக ஆடுவதற்குக்கூட சர்வர் வேண்டும் என்று கட்டப்பட்டது என்பதால், வாங்கியவர்கள் கையில் மிஞ்சியது எதற்கும் உதவாத டிஸ்க். விற்ற விளையாட்டை இப்படிச் சாகடிக்காதீர்கள் என்று அதிலிருந்து பிறந்த இயக்கத்துக்கு ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கும் மேல் கையெழுத்துகள் விழுந்தன. பெரியவர்கள் ஓய்வூதியத்துக்குப் போராடுவார்கள், பிள்ளைகள் கேமுக்குப் போராடுகிறார்கள் என்று முதலில் நானும் சிரித்தேன். இப்போது சிரிக்கவில்லை. சொத்து என்றால் என்ன என்ற கேள்வியை எங்கள் தலைமுறையைவிட அவர்கள் தெளிவாகக் கேட்கிறார்கள். கலிபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து, விற்பது உரிமம் மட்டுமே என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லாமல் "வாங்கு" என்று போடக்கூடாது. சின்ன சட்டம்தான். ஒரு வினைச்சொல்லுக்காக ஒரு சட்டமன்றம் மெனக்கெட்டிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

பழைய காலம் பொற்காலம் என்று பாட வரவில்லை. கேசட்டுகள் பூஞ்சை பிடித்தன, நாடா சிக்கிக்கொண்டு பென்சிலை வைத்துச் சுற்றியவன் நான். வாடகைக்கு வீடு எடுப்பது போலப் பாட்டையும் படத்தையும் எடுப்பதில் தப்பே இல்லை. வாடகை என்று சொல்லிவிட்டுப் பணம் வாங்குங்கள், அவ்வளவுதான். பி.எம்.டபிள்யூ 2022இல் சில நாடுகளில், காரில் ஏற்கனவே பொருத்தியிருக்கும் சூடாகும் இருக்கைக்கு மாதச் சந்தா கேட்டது. கார் என்னுடையது, இருக்கை என்னுடையது, சூடு மட்டும் அவர்களுடையது! ஜனங்கள் திட்டிய திட்டில் அடுத்த வருடமே கைவிட்டார்கள். ஆக, திட்டுவதற்கும் பலன் உண்டு. நெட்ஃபிளிக்ஸ் விஷயத்தில் திட்டு எடுபடவில்லை. பாஸ்வேர்டைப் பகிர்வதுதான் அன்பு என்று 2017இல் ட்வீட் போட்டார்கள். 2023இல், ஒரே வீட்டில் இல்லாதவர்களிடம் அந்த அன்புக்குத் தனிக் கட்டணம் கேட்டார்கள்.

ஞாயிறு மாலை மகளை உட்கார வைத்துக்கொண்டு பட்டியல் போட்டேன். மொத்தம் ஏழு. ஸ்பானிஷை முதலில் வெட்டினேன். பிறகு உடற்பயிற்சி. ஒரு பத்திரிகை, அதை நான் கடைசியாக எப்போது படித்தேன் என்று அந்தப் பத்திரிகைக்கே தெரிந்திருந்தது. நாலாவது, ஒரு படத் தளம். விலகு என்பதை அமுக்கினேன். "போகாதீர்கள், அடுத்த மூன்று மாதம் பாதிக் கட்டணம்தான்" என்று வந்தது.

கை தானாக "சரி"யை அமுக்கிவிட்டது. மகள் ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.