பீரங்கிக்குக் கைதட்டியவர்களில் நானும் ஒருவன்

ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கி ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதிய '1812' ஓவர்ச்சர் என்ற இசையைப் பற்றி 2022 மார்ச்சில் இங்கே ஒரு நக்கல் பதிவு போட்டிருந்தேன். நிறைய லைக் விழுந்தது. அதில் பாதியை இப்போது வாபஸ் வாங்க வேண்டியிருக்கிறது. பாதியைத்தான், முழுசாக இல்லை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1812-இல் நெப்போலியன் பெரும்படையோடு ரஷ்யாவுக்குள் நுழைந்தான். போரோதினோவில் ஒரே நாளில் இரு தரப்பிலும் சேர்த்துச் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் 70,000 பேர் வரை. மாஸ்கோவைப் பிடித்தான், ஊர் எரிந்தது, பசியும் குளிரும் துரத்தத் திரும்பி ஓடினான். அந்த வெற்றிக்கு நன்றியாகக் கட்டிய தேவாலயம் முடியும் தறுவாயில் இருந்தபோது, 1880-இல், விழாவுக்கு ஒரு உருப்படி வேண்டும் என்று சாய்கோவ்ஸ்கியிடம் கேட்டார்கள். ஆறு வாரத்துக்குள் எழுதிக் கொடுத்துவிட்டார். 1882 ஆகஸ்டில் மாஸ்கோவில் முதல் முறையாக வாசித்தார்கள். கால் மணி நேர இசை, அதில் 16 இடத்தில் 'பீரங்கி' என்று குறித்திருக்கிறது.

இந்த இசையைப் பற்றி வந்த முதல் மோசமான விமர்சனம் அவருடையதுதான். 'ரொம்பச் சத்தமாக இருக்கும், அன்பும் கனிவும் இல்லாமல் எழுதினேன், கலை மதிப்பு ஒன்றும் இருக்காது' என்ற பொருளில், தன்னை ஆதரித்து வந்த நதேழ்தா ஃபொன் மெக் அம்மையாருக்குக் கடிதம் எழுதினார். அதே நாட்களில் எழுதிய தந்தி வாத்தியங்களுக்கான செரனேடுதான் மனசிலிருந்து வந்தது என்றார். சரி, ரசிகர்கள் கேட்டார்களா? செரனேடு இசை தெரிந்தவர்களின் வீட்டில் இருக்கிறது. 1812 உலகம் முழுக்க மைதானத்தில் இருக்கிறது.

சரித்திரத்திலும் ஓட்டை. பிரெஞ்சுப் படை வரும் இடத்தில் பிரெஞ்சுப் புரட்சிப் பாட்டான மார்செய்யேஸ் ஒலிக்கிறது. நெப்போலியனோ தன் ஆட்சியில் அந்தப் பாட்டை ஓரங்கட்டி வைத்திருந்தான். ரஷ்யா ஜெயிக்கும் இடத்தில் ஜார் கீதம். அதற்கு மெட்டுப் போட்டதே 1833-இல். நம் சரித்திரப் படத்தில் ராஜா கையில் வாட்ச் தெரிகிற மாதிரி. சோவியத் காலத்தில் ஜார் கீதம் ஆகாது என்று அந்த இடத்தை வெட்டி, இன்னொரு ரஷ்ய இசையமைப்பாளரான கிளிங்காவின் மெட்டு ஒன்றை ஒட்டினார்கள். பீரங்கியில் மட்டும் யாரும் கைவைக்கவில்லை.

2019 ஜூலை 4 அன்று பாஸ்டனில் சார்ல்ஸ் ஆற்றங்கரைப் புல்தரையில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார். மதியமே போய் ஜமுக்காளம் விரித்து இடம் பிடித்தோம். புளியோதரை டப்பா காலியான பிறகும் வெயில் இறங்கவில்லை. அமெரிக்க சுதந்திர தினத்தன்று பாஸ்டன் பாப்ஸ் ஆர்க்கெஸ்ட்ரா இதை வாசிப்பது 1974-இல் தொடங்கிய வழக்கம். நேஷனல் கார்டு வீரர்கள் நிஜமாகவே ஹோவிட்சர் பீரங்கியால் சுடுவார்கள், சர்ச் மணிகள் அடிக்கும், பின்னாலேயே வாணவேடிக்கை. பக்கத்துப் பாயில் இருந்த அமெரிக்கர் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னார், இது 1812-இல் நாங்கள் பிரிட்டிஷ்காரர்களோடு போட்ட சண்டையைப் பற்றிய இசை என்று. அதே வருடத்தில் அப்படி ஒரு சண்டையும் நடந்தது உண்மை. சாய்கோவ்ஸ்கிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இப்படி நினைப்பவர்கள் அங்கே நிறைய. நான் திருத்த வாயெடுத்தேன், அப்பா தொடையில் தட்டி அடக்கிவிட்டார்.

முதல் பீரங்கி வெடித்ததும் அப்பா துள்ளி உட்கார்ந்து சிரித்தார். "டேய், நம்ம ஊர் தேர்த் திருவிழா அதிர்வேட்டுடா!" கடைசி 11 வெடிக்கும் விரல்விட்டு எண்ணினார். நானும் எழுந்து நின்று கைதட்டினேன். எதற்குக் கைதட்டினேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

ஆடியோ பைத்தியங்களின் கதை தனி. 1978-இல் எரிக் குன்ஸெல் நடத்த சின்சினாட்டி ஆர்க்கெஸ்ட்ரா வாசித்ததை டெலார்க் கம்பெனி டிஜிட்டலில் பதிவு செய்து இசைத்தட்டாக வெளியிட்டது. பீரங்கி வரும் இடத்தில் தட்டில் வெட்டியிருந்த பள்ளம் அத்தனை ஆழமாக வளைந்து போனதால் ஊசியே எகிறிக் குதிக்கும். ஸ்பீக்கர் ஜாக்கிரதை என்று உறையிலேயே எச்சரிக்கை. அதையே சவாலாக எடுத்துக்கொண்டு வாங்கினார்கள். எனக்கும் அந்த வியாதி உண்டு. புது ஸ்பீக்கர் வந்தால் முதலில் போடுவது இதைத்தான்.

அப்புறம் 2022. ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த சில நாட்களில், வேல்ஸில் கார்டிஃப் ஃபில்ஹார்மானிக் ஆர்க்கெஸ்ட்ரா தன் மார்ச் நிகழ்ச்சியிலிருந்து 1812-ஐ எடுத்துவிட்டது. இப்போது வாசிப்பது பொருத்தமாக இல்லை என்றார்கள். உலகமே கேலி செய்தது. நானும் செய்தேன். 'இந்த இசையை அவர் எழுதியதே உக்ரைனில், தங்கை வீடு இருந்த கமியன்காவில். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் பூர்வீகமும் உக்ரைன்தான். 1893-இல் செத்துப்போன மனிதர் மேல் என்ன கோபம்?' என்று எழுதினேன். அத்தனையும் உண்மை. இன்றைக்கும் அதில் ஒரு வரியை மாற்றமாட்டேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாடியில் குடியிருந்த அக்கா கீழே வந்தார். வன்னியிலிருந்து வந்தவர், 2009 வரை அங்கேதான் இருந்தார். ஜூலை 4 அன்று எத்தனை முறை கூப்பிட்டும் ஆற்றங்கரைக்கு வந்ததில்லை, தலைவலி என்பார். பதிவைப் படித்திருக்கிறார். "அந்த இசையை ஒருக்காப் போடுங்கோ தம்பி, கேட்டுப் பாப்பம்" என்றார். ஸ்பீக்கர் பெருமையில் நானும் போட்டேன்.

ஆரம்பத்தில் பீரங்கி, தாரை தப்பட்டை ஒன்றும் கிடையாது. நான்கு செல்லோ, இரண்டு வயோலா என்று வயலின் குடும்பத்துத் தந்தி வாத்தியங்கள், அவ்வளவுதான். 'ஆண்டவரே, உம் மக்களைக் காப்பாற்றும்' என்ற பழைய ரஷ்யத் தேவாலயப் பாட்டு. வெளியே கதவை அடைத்துவிட்டு உள்ளே மெதுவாகப் பாடுகிற மாதிரி இருக்கும். அக்கா மடியில் கைகோத்து உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒன்றும் பேசவில்லை. முதல் ஐந்து வெடி வந்தது. அப்புறம் வயலின்கள் படிப்படியாகச் சரிந்து இறங்கும் அந்த நீண்ட இடம், மணியோசை, மறுபடி 11 வெடி. எல்லாம் முடிந்து அறை அமைதியான பிறகும் அவர் தலையைச் சற்றுச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"வெடிக்கிற சத்தம் கேட்டா, விழுற சத்தம் வரும் வரைக்கும் நாங்கள் மூச்சு விடமாட்டம் தம்பி. இதிலை இவ்வளவு வெடி வைக்கினம், ஒண்டும் விழேல்லை."

எத்தனையோ வருடமாக இதைக் கேட்கிறேன். இது எனக்கு உறைத்ததே இல்லை. 16 முறை சுடுகிறார்கள், ஒரு குண்டும் எங்கேயும் போய் விழுவதில்லை. அதனால்தான் அப்பாவுக்கு அது அதிர்வேட்டு, பாஸ்டனுக்குப் பட்டாசு, எனக்கு ஸ்பீக்கர் டெஸ்ட்.

கார்டிஃப்காரர்கள் செய்தது முழுக்கச் சரி என்று இப்போதும் சொல்லவரவில்லை. சாய்கோவ்ஸ்கியையே மூட்டை கட்ட வேண்டும் என்று பேசுகிறவர்களோடும் எனக்கு ஒட்டாது. ஆனால் அந்த வாரம், ஷெல்லடிக்குத் தப்பி வந்த ஒருவர் அந்த அரங்கில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கக்கூடும் என்று யோசித்தவர்களை முட்டாள்கள் என்று எழுதினேன் பாருங்கள், அதைத்தான் வாபஸ் வாங்குகிறேன்.

அக்கா அன்று எழுந்து போகும் முன், "முதல்லை வந்ததை மட்டும் இன்னொருக்காப் போடுங்கோ" என்றார். செல்லோ பாட்டு முடிகிற இடத்தில் நிறுத்தினேன். உள்ளறையிலிருந்து என் மகன் கத்தினான்: "அப்பா, பீரங்கி வர்றதுக்குள்ள ஏம்ப்பா நிறுத்துனீங்க?"