சூப்பை மட்டும் வைத்து ராமெனுக்கு மார்க் போடாதீர்கள்

டோக்கியோவுக்கு வேலைக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் முதல் நாளே கேட்கும் கேள்வி, "இங்கே பெஸ்ட் ராமென் எந்தக் கடையில்?" ராமென் என்றால் சூப்பில் நூடுல்ஸ் போட்டுத் தரும் ஜப்பானியச் சாப்பாடு. போன வாரம் வந்த நண்பர் போனில் ஒரு பட்டியலே வைத்திருந்தார். எந்தக் கடைக்கு எத்தனை நட்சத்திரம், யார் முதலிடம் என்று வரிசை. ஃபுகுவோகா நகரின் ஹகட்டா பகுதியின் பன்றி எலும்புச் சூப்பான டொன்கொட்சு, சப்போரோவின் புளித்த சோயா விழுது சேர்த்த மிசோ, டோக்கியோவின் சோயா சாஸ் கலந்த ஷோயு எல்லாம் ஒரே வரிசையில் நின்றன. எனக்கு அது ஒப்பவே இல்லை. அன்று அவரிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

ராமெனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சூப்பைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். எலும்பு எத்தனை மணி நேரம் கொதித்தது, சூப் எவ்வளவு கெட்டி, முட்டையின் மஞ்சள் கரு எப்படி வழிகிறது. சூப் முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் நான் முதலில் பார்ப்பது நூடுல்ஸை. அந்தச் சூப்புக்கு அந்த நூடுல்ஸ் பொருந்துகிறதா என்பதுதான் என் கேள்வி. சால்னாவை மட்டும் குடித்துப் பார்த்துவிட்டு பரோட்டாக் கடையை யாராவது எடைபோடுவார்களா?

ராமென் நூடுல்ஸின் மஞ்சள் நிறம் முட்டையால் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். முட்டை சேர்க்கும் கடைகளும் உண்டு. ஆனால் பொதுவாக அந்த நிறத்துக்கும், இழுத்தால் துள்ளும் அந்தத் தன்மைக்கும் காரணம் கன்சுய் என்கிற கார நீர். சோடியம் கார்பனேட்டும் பொட்டாசியம் கார்பனேட்டும் கரைத்தது. நம் வீட்டு அப்பளக்காரத்துக்கு நெருங்கிய உறவு. மாவில் இதை எவ்வளவு சேர்க்கிறார்கள், எவ்வளவு தண்ணீர் விட்டுப் பிசைகிறார்கள், எவ்வளவு தடிமனாக வெட்டுகிறார்கள் என்பதில்தான் ஒவ்வொரு ஊரும் வேறாகிறது.

ஃபுகுவோகாவுக்குப் போனால் இது உடனே புரியும். பன்றி எலும்பைக் கொதிக்கவைத்து எடுக்கும் டொன்கொட்சு ராமென் அதே மாநிலத்தில் உள்ள குருமே ஊரில் 1937-ல் ஒரு தள்ளுவண்டிக் கடையில் தொடங்கியது. அப்போது சூப் இன்றைக்குப் போல வெள்ளையாக இல்லை. இன்னொரு கடையில் 1947-ல் அடுப்பில் மறந்துவிட்ட பானை பொங்கிக் கொதித்து வெளுத்துப்போக, அந்தத் தவறே ருசியாக நிலைத்துவிட்டது என்று சொல்வார்கள். சூப்பின் கதை இது. எனக்குப் பிடித்தது நாகஹமா மீன் சந்தையின் கதை. அங்கே ஏலத்துக்கு நடுவே ஓடிவந்து சாப்பிடுகிறவர்களுக்குக் காத்திருக்க நேரமில்லை. அதனால் நூடுல்ஸ் மெல்லிசானது, ஒரு நிமிடத்துக்குள் வெந்துவிடும். ஆனால் தண்ணீர் குறைவாகப் பிசைந்த மெல்லிய நூடுல்ஸ் சூப்பைச் சட்டென்று உறிஞ்சிக் குழைந்துவிடும். ஆகவே ஒரே தடவையில் நிறையப் போடாமல் குறைவாகப் போட்டு, தீர்ந்ததும் மிச்சச் சூப்பில் இன்னொரு பிடி வாங்கிக்கொள்ளும் வழக்கம் வந்தது. இதற்குக் கயேடமா என்று பெயர். எவ்வளவு விறைப்பாக வேண்டும் என்றும் நாமே சொல்லலாம்: கட்டா என்றால் விறைப்பு, பரிகட்டா இன்னும் விறைப்பு, ஹரிகனே என்றால் கம்பியே. நான் எப்போதும் கட்டா. முதல் வாயில் நூடுல்ஸின் நடுவில் ஒரு சின்ன எதிர்ப்பு இருக்கும். நான்காவது வாயில் சூப் உள்ளே ஏறியிருக்கும். அந்த இரண்டுக்கும் இடையிலான மூன்று நான்கு நிமிடம்தான் அந்தக் கிண்ணத்தின் ஆயுள். அதில் பாதியைப் போட்டோ எடுப்பதிலேயே தீர்த்துவிட்டு, நூடுல்ஸ் குழைந்திருந்தது என்று எழுதுகிறவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

சப்போரோ இதற்கு நேர் எதிர். 1950-களில் அஜி நோ சான்பெய் கடையின் ஓமியா மொரிதோ என்பவர் மிசோ ராமெனை உருவாக்கினார். இரும்புச் சட்டியில் காய்கறி வதக்கி, மிசோ சேர்த்துச் செய்யும் கனமான சூப். அதோடு ஃபுகுவோகா நூடுல்ஸைப் போட்டால் காணாமல் போய்விடும். அங்கே தண்ணீர் அதிகம் விட்டுப் பிசைந்த, சுருள் சுருளான, நல்ல மஞ்சள் நூடுல்ஸ். சுருளில் மிசோ ஒட்டிக்கொண்டு வரும், ஆனால் உள்ளே ஏறாது. சுமிரே கடையில் சூப்பின் மேல் பன்றிக் கொழுப்பு ஒரு படலமாக மூடியிருக்கும். ஆவி வராததைப் பார்த்து ஆறிவிட்டது என்று நினைக்கக் கூடாது, கடைசி வரை கொதியாகவே இருக்கும். அந்தக் கொதியில் பத்து நிமிடம் கிடந்தாலும் நூடுல்ஸ் தளராது. வெளியே பனி கொட்டும் ஊருக்கு வேறு எது பொருந்தும்?

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது மேல் என்று கேட்டால் நான் என்ன சொல்ல?

டோக்கியோவிலேயே இன்னும் இரண்டு உதாரணம் உண்டு. தய்ஷோகென் கடையின் யாமாகிஷி கசுவோ 1955-ல் விற்கத் தொடங்கிய ட்சுகெமென்னில் நூடுல்ஸையும் சூப்பையும் தனித்தனியாகவே தருவார்கள். வெந்த நூடுல்ஸைக் குளிர்ந்த நீரில் அலசி வைப்பதால் அதன் ருசி ஒளிய இடமில்லை. மீத்தாவில் கேயோ பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ராமென் ஜிரோவைப் பற்றி எல்லோரும் அதன் அளவையும் மேலே குவிக்கும் முட்டைக்கோஸையும் பூண்டையும்தான் பேசுகிறார்கள். எனக்கு அதில் பிடித்தது அந்த முரட்டு நூடுல்ஸ். அவ்வளவு கொழுப்பையும் உப்பையும் தாங்க அப்படி ஒன்று வேண்டியிருக்கிறது.

பொருந்தாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். என் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு புதுக் கடை. மீன் பொடியும் பன்றி எலும்பும் சேர்ந்த சூப், உண்மையிலேயே அருமை. ஆனால் அதில் ஹகட்டா பாணி மெல்லிய நூடுல்ஸைப் போட்டிருந்தார்கள். பாதிக் கிண்ணம் வருவதற்குள் கூழாகிவிட்டது. வாசலில் நீள வரிசை, போனில் நிறைய நட்சத்திரம். சூப்பைப் புகழ்ந்தவர்கள் யாரும் நூடுல்ஸைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

சரி, நண்பர் கதைக்கு வருகிறேன். இரண்டு நாள்தான் அவருக்கு ஓய்வு. ஒரு நாள் ஷின்-யோகோஹாமா ராமென் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். 1994-ல் திறந்தது, 1958-ஆம் வருடத்துத் தெரு போல உள்ளே அமைத்திருக்கிறார்கள். பல ஊர்க் கடைகள் ஒரே கூரையின் கீழ், சின்னக் கிண்ணத்திலும் கிடைக்கும். ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அவர் மனைவி சைவம். அவருக்காக டோக்கியோ ஸ்டேஷனுக்கு உள்ளேயே இருக்கும் டீஸ் டான்டானுக்குப் போனோம். எள் அரைத்த சூப், இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. நம் ஊர்க்காரர்கள் பலர் ஜப்பானில் ராமெனே சாப்பிட முடியாது என்று நினைத்துத் திரும்பிவிடுகிறார்கள், அவர்களுக்காகவும் சொல்கிறேன்.

மறுநாள் ஃபுகுஷிமா மாநிலத்தில் உள்ள கிதகட்டாவுக்கு நண்பர் மட்டும் வந்தார். பழைய கிடங்குகள் நிறைந்த சின்ன ஊர், காலையிலேயே ராமென் சாப்பிடுகிற ஊர். முந்தின இரவே போய்த் தங்கி ஏழு மணிக்கு பன்னாய் கடையில் உட்கார்ந்தோம். தெளிந்த சூப், தட்டையாக, அகலமாக, நெளிநெளியாக நூடுல்ஸ். சூப்பை ஒரு ஸ்பூன் குடித்துவிட்டு "ரொம்ப சாதாரணமா இருக்கே" என்றார். நூடுல்ஸைச் சாப்பிடுங்கள் என்றேன். அதற்குப் பிறகு கிண்ணம் காலியாகும் வரை அவர் எதுவும் பேசவில்லை. போனையும் எடுக்கவில்லை.